கிருபாபாய் சத்தியநாதன் அம்மையாரின் வாழ்வும் புதினங்களும்

ஆங்கிலப் புதின இலக்கியத்தைக் கல்லூரியில் பயின்று இறையியற் கல்விக்கு வரும் நம் மாணவர் பலர், அவ்விலக்கியத்தின் தலைசிறந்த பெண் எழுத்தாளருட் சிலர் குருமனைகளிலே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதைக் கவனிப்பதில்லை. ஜேன் ஆஸ்டின் (1775–1817) ஸ்டீவன்டன் என்னும் சிற்றூர்ச் சபையின் குருவானவருக்கு மகள். சார்லட் பிரான்டி (1816–1855) ஹாவொர்த் ஊரில் நெடுங்காலம் பணியாற்றிய பேட்ரிக் பிரான்டி என்னும் குருவானவரின் மகள். சார்லட் 1847ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜேன் அயர்' என்னும் புதினத்தில் செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்றொரு இளங்குரு வருகின்றார். அவர் மிஷனெரியாக இந்தியாவுக்குப் புறப்படுமுன், கதைத் தலைவி ஜேனைத் தமக்கு மனைவியாகவும் உடன் ஊழியக்காரியாகவும் வரும்படி அழைக்கின்றார். அவள் இந்துஸ்தானி மொழியும் கற்கின்றாள். ஆயினும், அன்பில்லாத திருமணத்துக்கு இணங்க மறுத்துவிடுகின்றாள். அப்புதினத்தில் இந்தியா ஓர் ஊழியக் களத்தின் பெயராக மட்டுமே இருக்கின்றது. அங்கே வாழும் மனிதர் எவரும் வாய்திறப்பதில்லை.

சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 1887ஆம் ஆண்டில், அந்த ஊழியக் களத்தில் பிறந்த ஒரு பெண் வாய்திறந்தார். மிஷனெரிகளின் உழைப்பால் கிறிஸ்தவமான ஒரு குடும்பத்தின் மகள்; போதகக் குடும்பமொன்றின் மருமகள்; தம் பெற்றோரின் மனமாற்றத்தையும் தம் இளமையையும் ஆங்கிலப் புதினமாக எழுதிச் சென்னைப் பத்திரிகை ஒன்றில் தொடர்ந்து வெளியிட்டார். அவரே கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார். ஆங்கில இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அவரை அறிவர். திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நாம்தாம் அவரை ஓர் அடிக்குறிப்பாகக்கூட ஏற்கவில்லை. அவருடைய புதினங்கள் இலக்கியம் மட்டுமல்ல, நம் திருச்சபையின் வரலாற்று ஆவணங்களுமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கிருபாபாய் 1862 பெப்ரவரி 14ஆம் நாள் அகமத்நகரில் பிறந்தார். தந்தையார் ஹரிபந்த் கிஸ்தி; தாயார் ராதாபாய். இருவரும் மராத்தியப் பிராமணக் குலத்தினின்று கிறிஸ்தவரானவர்கள். அகமத்நகரில் அமெரிக்க மிஷனெரிகள் 1831ஆம் ஆண்டில் பணி தொடங்கினர். அப்பணியின் முதற்கனிகளுள் கிஸ்தி குடும்பமும் ஒன்று. கிருபாபாய் சிறுமியாயிருந்தபோதே தந்தையார் மறைந்தார். அதன்பின் அவருக்கு ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும் இருந்தவர் மூத்த சகோதரர் பாஸ்கர். தங்கையை மலைச்சாரல்களில் நடக்க அழைத்துச் சென்று, நாட்டின் பழம்பெருமையையும் படித்தவர் தம் மக்களுக்கு ஆற்றவேண்டிய கடமையையும் குறித்துப் பேசிய அவ்விளைஞரும் விரைவில் இறந்துபோனார். இரண்டாவது சாவுதான் அவர் மனத்தில் ஆழமாக நின்றது என்பதைப் பிற்காலத்து எழுத்திலிருந்து உணரலாம்.

பின்னர் பம்பாயில் மிஷன் விடுதிப் பள்ளியில் பயின்றார். அங்கே ஓர் அமெரிக்கப் பெண் மருத்துவரைக் கண்டது அவருக்குப் புதிய கண்ணைத் திறந்தது. அந்தப்புரங்களில் நோயுற்றுக் கிடந்த பெண்களை ஆண் மருத்துவர் அணுக இயலாத காலம் அது. தாமே மருத்துவராகி அவர்களிடம் செல்லவேண்டுமென்ற ஆசை பிறந்தது. இங்கிலாந்து சென்று பயில உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பும் வந்தது. அவருடைய உடல்நிலை குளிர்நாட்டுக்கு ஏற்றதன்று என்று கருதப்பட்டதால் அது கைகூடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆகவே கிருபாபாய் 1878ஆம் ஆண்டில் சென்னை வந்து அக்கல்லூரியில் சேர்ந்தார். முதலாண்டுத் தேர்வுகளில் ஏறக்குறைய எல்லாப் பாடங்களிலும் முதலிடம் பெற்றார். ஆனால் உடல் தாங்கவில்லை. ஓராண்டுக்குள்ளாகவே படிப்பை நிறுத்திவிட்டுப் பூனாவிலிருந்த தம் சகோதரியிடம் செல்ல நேர்ந்தது. மருத்துவராக வேண்டுமென்ற எண்ணம் அத்துடன் முடிந்தது.

சென்னையில் அந்த மாணவி தங்கியிருந்த வீட்டைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். அது சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துப் போதகர் வில்லியம் தாமஸ் சத்தியநாதன் ஐயரின் இல்லம். தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை 1862இல் வெளியிட்ட மைரன் வின்சுலோ பணியாற்றிய பகுதி சிந்தாதிரிப்பேட்டை. அமெரிக்க மிஷனார் தம் சென்னைப் பணியை முடித்துக்கொண்டபின் அச்சபை சி.எம்.எஸ். சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. சத்தியநாதன் ஐயர் திருநெல்வேலிப் பகுதியினர். பாளையங்கோட்டையில் மாணவராயிருந்தபோது இந்து சமயத்தினின்று கிறிஸ்துவிடம் வந்தவர். அவருடைய துணைவியார் அன்னாள் அம்மாளோ, ஜான் தேவசகாயம் ஐயரின் (1785–1864) மகள். தரங்கம்பாடியில் பயின்று, 1830இல் உதவிக்குருவாகவும் 1836இல் குருவாகவும் அபிஷேகம் பெற்று, தென்னிந்தியாவில் சி.எம்.எஸ். சங்கத்தின் முதல் இந்தியக் குருவானவர் என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் அதே தேவசகாயம் ஐயர்தாம். அன்னாள் அம்மாள் சென்னையில் பெண்களிடையே வீடுவீடாகச் சென்று கல்விப்பணி புரிந்தவர். தாய்மாருக்காக 'நல்ல தாய்' என்னும் நூலைத் தமிழில் எழுதியவர். ஆகவே எழுதும் பெண் என்பது அந்தக் குருமனைக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் தொடங்கித் திருநெல்வேலி வழியாகச் சென்னைக்கு வந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவ மரபும், அகமத்நகரிலிருந்து வந்த ஒரு மராத்தியக் கிறிஸ்தவ மரபும் அவ்வீட்டின் உணவு மேசையில் சந்தித்தன. இரண்டுக்கும் பொதுமொழி ஆங்கிலமே. அவர் ஏன் தாய்மொழியில் எழுதவில்லை என்று வினவுவோர் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

அவ்வீட்டின் மகன் சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1881இல் மீண்டும் சென்னைக்கு வந்த கிருபாபாயை அவர் அறிந்து மணம்புரிந்தார். சாமுவேல் உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியரானபோது, கிருபாபாய் அங்கே முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தினார். தோடர்களைக் காணச் சென்ற அனுபவம் முதலியவற்றைக் கட்டுரைகளாக்கி, 'ஓர் இந்தியப் பெண்மணி' என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். பின்னர் ராஜமகேந்திரவரம், கும்பகோணம் என்று கணவரின் பணிமாற்றங்களுக்கேற்ப வாழ்க்கை நகர்ந்தது. நோயும் உடன் நகர்ந்தது. 1886ஆம் ஆண்டில் அவர்கள் சென்னைக்குத் திரும்பினர். அங்கேதான் 'சகுணா' எழுதப்பட்டு, 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் தொடராக வெளிவந்தது.

இக்கட்டுரையை எழுதும் சிட்லபாக்கத்து இல்லத்திலிருந்து கிறிஸ்தவக் கல்லூரியின் மரஞ்செறிந்த வளாகம் அதிகத் தொலைவன்று. அக்கல்லூரி என்றுமே தாம்பரத்தில் இருந்ததாக நம் இளைஞர் எண்ணுகின்றனர். 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியினின்று வளர்ந்த அக்கல்லூரி, 1937 வரை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. ஆண்டர்சன் ஆலயம் இன்றும் அங்கே நிற்கின்றது. கிருபாபாயின் காலத்தில் அதன் முதல்வர் வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்து மிஷனெரிகள் நடத்திய அக்கல்லூரியின் பத்திரிகையை மிஷனெரிகளும் படித்தனர். கல்வி பெற்ற இந்துக்களும் கிறிஸ்தவரும் படித்தனர். மிஷனெரிகளைக் குறைகூறும் பகுதிகளைக் கொண்ட ஒரு புதினம் மிஷனெரிகளின் பத்திரிகையிலேயே வெளிவந்தது. இது எழுதியவரின் துணிவுக்கு மட்டுமன்று, வெளியிட்டவர்களின் நேர்மைக்கும் சான்றாகும். நம்முடைய இன்றைய திருமண்டலப் பத்திரிகைகளில் இதற்கு இடமுண்டா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

'சகுணா' தன்வரலாற்றுப் புதினம். பெயர்கள் சிறிதளவே மாற்றப்பட்டுள்ளன: தந்தை ஹரிச்சந்திரர், தாய் ராதா, அண்ணன் பாஸ்கர். கதைத் தலைவி சகுணா படிப்பில் ஆண்பிள்ளைகளை விஞ்ச விரும்புகின்றவள். திருமணமே பெண்ணின் முடிவு என்பதை ஏற்காதவள். மருத்துவக் கல்விக்காகப் போராடி உடல்நலிவால் தோற்பவள். இறுதியில் தன் கருத்தோடு ஒத்த ஒருவரை மணப்பவள். கதையமைப்பில் குறைகள் உண்டு. பிற்பகுதி விரைந்து ஓடுகின்றது. இயற்கை வருணனைகள் சில இடங்களில் தேவைக்கு மிஞ்சுகின்றன. ஆயினும் முற்பகுதியில் ராதாவின் வரலாற்றைக் கூறும் பக்கங்களுக்கு இணையானவற்றை அக்காலத்து மிஷன் அறிக்கைகள் எவற்றிலும் நான் படித்ததில்லை.

ஹரிச்சந்திரர் கற்றவர், உண்மையைத் தேடி அலைபவர், நீண்ட மனப்போராட்டத்துக்குப் பின் கிறிஸ்துவை ஏற்கின்றார். இதுவரை நாம் அறிந்த கதைதான். மிஷன் அறிக்கைகளும் வாழ்க்கை வரலாறுகளும் இத்தோடு முடித்துக்கொண்டு, 'அவர் மனைவியும் பின்னர் சபையிற் சேர்ந்தாள்' என்று ஒரு வரி சேர்த்துவிடும். கிருபாபாயோ அந்த ஒரு வரிக்குள் நுழைகின்றார். இளமையிலே மணமுடிக்கப்பட்ட ராதாவுக்குத் தன் கணவரின் உள்ளத்தில் நடந்த போராட்டம் எதுவும் தெரியாது, தெரிவிக்கப்படவுமில்லை. ஒருநாள் அவள் உலகம் முழுவதும் இடிந்து விழுகின்றது. பிறந்த வீடு, உற்றார், ஆசாரம், குலதெய்வம் ஆகிய யாவும் பறிபோகின்றன. அவள் கணவரோடு வாழ வருகின்றாள்; ஆனால் கணவரின் சமயத்துக்குள் வரவில்லை. தன் ஆசாரத்தைத் தானே காத்துக்கொண்டு, அதே வீட்டில் ஓர் அந்நியளைப் போல நாட்களைக் கழிக்கின்றாள். அவள் உள்ளம் மாறுவது நெடுநாட்களுக்குப் பின்னரே. அதுவும் வாதத்தினாலன்று, கணவரின் பொறுமையைக் கண்டு. மகள் இதை எழுதும்போது தந்தையை இகழவில்லை. தாயின் கண்ணீரை மறைக்கவுமில்லை. இருவரையும் நேசித்த ஒரு பிள்ளையால் மட்டுமே இவ்வாறு எழுத முடியும்.

இது இறையியலுக்குப் புறம்பான செய்தியன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், அவிசுவாசியான மனைவியைக் குறித்துப் பேசும் பவுல், அவள் உடன்வாழச் சம்மதித்தால் கணவன் அவளைத் தள்ளிவிடக் கூடாது என்னும் கருத்தை வைக்கின்றார். அவள் சம்மதம் அங்கே ஒரு பொருளாகக் கொள்ளப்படுகின்றது. நம் நாட்டு மிஷன் வரலாற்றில் இந்தச் சம்மதத்தை யார் கேட்டார்? 1866ஆம் ஆண்டில் ஆங்கில அரசு, மதம் மாறியவர்களின் திருமண விலக்கு குறித்த சட்டத்தை இயற்றியது. கிறிஸ்தவரான ஒருவரை அவர் வாழ்க்கைத் துணை மதமாற்றத்தின் காரணமாகக் கைவிட்டால், அவர் நீதிமன்றத்தை அணுகி விடுதலை பெறலாம். ஆனால் கைவிட்டதாகச் சொல்லப்படும் துணையை வரவழைத்து, உடன்வாழ மறுப்பது ஏன் என்று விசாரித்தாக வேண்டும். மிஷனெரிகளிடையே நீண்ட விவாதத்துக்கு உள்ளான அச்சட்டத்தின் மற்றக் குறைநிறைகள் எவ்வாறாயினும், மதம் மாறியவரின் மனைவியை ஒருவர் நேரே அழைத்து அவள் கருத்தைக் கேட்கவேண்டும் என்று ஓர் அரசுச் சட்டம் சொல்லியது. ஹரிச்சந்திரரின் காலத்தில் அதுவும் இல்லை. சபையோ, சட்டம் சொன்ன பின்னரும் பெரும்பாலும் கேட்கவில்லை.

நான் என்னைத் தவிர்த்துக்கொண்டு இதனை எழுதவில்லை. சபைப் பணியில் இருந்த நாட்களில் ஒரு குடும்பத்துக்கு ஞானஸ்நானம் அளித்தேன். கணவர் ஓராண்டு ஆயத்த வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர், விசுவாசத்தில் உறுதியானவர். மனைவி மூன்று அல்லது நான்கு முறை வந்திருப்பார். பதிவேட்டில் கணவரின் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுதினேன். பத்து ஆண்டுகள் சென்றபின், மகளின் திருமணத்துக்காக வந்த அந்த அம்மாள் பேச்சுவாக்கில், “அன்றைக்கு எனக்கு மனசு இல்லைங்க ஐயா. இப்போ இருக்குது. அன்றைக்கு நீங்களும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை” என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் என்னை விட்டு அகலவில்லை. 'சகுணா'வை நான் இரண்டாம் முறை படித்தது அதன் பிறகுதான். முதன்முறை படித்தபோது ராதாவின் பகுதியை விரைவாகக் கடந்து, பாஸ்கரின் நாட்டுப்பற்றையும் சகுணாவின் கல்வியையும் குறிப்பெடுத்திருந்தேன் என்பதைப் பழைய நோட்டில் கண்டு வெட்கினேன்.

ராதாவின் அனுபவம் தனியொருத்தியின் அனுபவமன்று என்பதற்கு மராத்திய நாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. 'சகுணா' நூலாக வெளிவந்த அதே 1895ஆம் ஆண்டில்தான் கவிஞர் நாராயண வாமன் திலகர் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனைவி லட்சுமிபாய் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே, 1900இல், ஞானஸ்நானம் பெற்றார். இடைப்பட்ட பிரிவையும் துயரையும் லட்சுமிபாய் தம் முதுமையில் மராத்தியில் எழுதிய 'ஸ்மிருதிசித்திரே' என்னும் நினைவு நூலில் தாமே கூறியிருக்கின்றார். 1934 முதல் அது பகுதி பகுதியாக வெளிவந்தது. லட்சுமிபாய்க்கு எழுதும் திறன் இருந்தது. ராதாவுக்காக எழுத ஒரு மகள் இருந்தாள். மற்றவர்கள் பதிவேடுகளில் இருக்கின்றார்கள்.

மிஷனெரிகளைப் பற்றிய சகுணாவின் பார்வையும் கவனத்துக்குரியது. அவர்களுடைய தன்னலமற்ற உழைப்பை அவள் நன்றியோடு போற்றுகின்றாள். தன் கல்விக்கும் விடுதலைக்கும் அவர்களே காரணர் என்பதை மறப்பதில்லை. ஆனால் இந்தியக் கிறிஸ்தவரைத் தாழ்ந்தவராக நடத்தும் மேட்டிமையைக் கண்டால் அவள் சினம் மூள்கின்றது. கிறிஸ்துவில் உடன்பிறப்பு என்று பிரசங்கத்தில் கேட்டதை வரவேற்பறையில் காணாத ஏமாற்றம் அது. பாஸ்கரின் பேச்சுகளிலோ, கிறிஸ்தவராவது நாட்டைத் துறப்பதாகாது என்னும் எண்ணம் தெளிவாக ஒலிக்கின்றது. இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று நாம் பிற்காலத்தில் பெரிய நூல்களில் தேடிய ஒன்று, 1887ஆம் ஆண்டில் ஓர் அண்ணனும் தங்கையும் மலைச்சரிவில் நடந்துகொண்டே பேசும் பேச்சாக அச்சேறிவிட்டது.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நூலின் துணைத்தலைப்பு, இது இந்தியக் கிறிஸ்தவ வாழ்வின் கதை என்று அறிவிக்கின்றது. யாருடைய வாழ்வு? கிருபாபாய் சென்னைக்கு வந்த 1878ஆம் ஆண்டு, தாது வருஷப் பஞ்சத்தின் இறுதிக் காலம். அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள் ஒங்கோலுக்கு அருகில், ஜான் கிளஃப் தலைமையிலான பாப்திஸ்து மிஷனில், ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களிற் பெரும்பாலோர் மாதிகர், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர். திருநெல்வேலியிலும் அப்பஞ்ச காலத்தில் கிராமம் கிராமமாக மக்கள் சபையிற் சேர்ந்தனர். தென்னிந்தியத் திருச்சபையின் உடல் அவ்வாறுதான் உருவாயிற்று. 'சகுணா'வில் அவர்களுக்கு இடமில்லை. பிராமணக் குடும்பத்தின் மனப்போராட்டமும், நூல்களைக் கற்றுத் தெளிந்த மனமாற்றமும், ஆங்கிலக் கல்வியும் கொண்ட ஒரு சிறு வட்டத்தின் வாழ்வே இந்தியக் கிறிஸ்தவ வாழ்வு என்று தலைப்பு உரிமை கொண்டாடுகின்றது. ஆசிரியர் இதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் கருதவில்லை. தாம் அறிந்ததை எழுதினார். ஆனால் அவரை வரலாற்று ஆவணமாகக் கொள்ளும் நாம், அவர் பேசாத இடங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். சேரிச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற பெண்ணுக்கு நடந்தது ராதாவுக்கு நடந்ததைப் போன்றதா? இழக்கக் குலப்பெருமை இல்லாதவளுக்கு அது விடுதலையாகவே வந்ததா? 'சகுணா' இதற்கு விடை தராது.

இரண்டாவது புதினமான 'கமலா'வை அவர் நோயிலும் துயரிலும் எழுதினார். அவருக்குப் பிறந்த ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறந்தது. அத்துயரிலிருந்து அவர் முழுதும் மீளவில்லை. அந்நூல் 1894ஆம் ஆண்டில் வெளிவந்தது. கமலா மலையடிவாரத்தில் துறவியைப் போல வாழும் கற்றறிந்த தந்தையின் மகள். சிறுமியாகவே கணேசன் என்பவனுக்கு மணமுடிக்கப்பட்டு, மாமியார் நாத்தனார்களின் கொடுமைக்கு ஆளாகின்றாள். சில காலம் கணவன் அவளுக்குக் கல்வி புகட்டுகின்றான்; பின்னர் மனம் மாறி வேறொருத்தியின் பின் செல்கின்றான். அவன் இறந்ததும் கமலா கைம்பெண்ணாகின்றாள், குழந்தையையும் இழக்கின்றாள். அவளை இளமை முதல் நேசித்த ராமச்சந்தர் மறுமணம் புரிய அழைக்கின்றான். கமலா மறுத்து, தன் வாழ்நாளை ஏழைகளுக்கும் கைம்பெண்களுக்கும் உதவுவதிற் செலவிடுகின்றாள்.

இக்கதை எழுந்த காலத்தை நினைவுகூர்க. கணவனோடு வாழ மறுத்த ருக்மாபாயின் வழக்கு 1884 முதல் 1888 வரை பம்பாயையும் நாட்டையும் கலக்கியது. பண்டித ரமாபாய் 1887இல் உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைக் குறித்த ஆங்கில நூலை வெளியிட்டார். 1891இல் சம்மத வயதுச் சட்டம் பெரும் எதிர்ப்புக்கிடையே நிறைவேறியது. இச்சூழலில் ஒரு கிறிஸ்தவப் பெண் இந்துப் பெண்ணின் துயரை எழுதினால் முடிவு எவ்வாறு இருக்கும் என்று எவரும் ஊகிக்கலாம். ஹன்னா கேதரின் மல்லென்ஸ் அம்மையார் 1852இல் வங்காளியில் எழுதிய புல்மணி, கருணா என்போரின் கதையைப் போன்ற மிஷன் கதைகளில் நல்ல கிறிஸ்தவளின் முன்மாதிரியால் மற்றவள் திருந்துவாள். கிருபாபாய் அவ்வழியிற் செல்லவில்லை. கமலா கிறிஸ்தவளாவதில்லை. அவளைக் காப்பாற்ற ஒரு மிஷனெரி அம்மாளும் வாசலில் வந்து நிற்பதில்லை. தன் சமயத்துக்குள்ளேயே, தன் மனச்சான்றின்படி, அவள் முடிவெடுக்கின்றாள். ஆசிரியர் அம்முடிவோடு உடன்படாவிட்டாலும் அதனை மதிக்கின்றார். ராதாவின் மகள் அல்லவா! இன்னொரு பெண்ணின் சம்மதத்தைக் கேளாமல் அவளைக் கதையில்கூட மதம் மாற்ற அவருக்கு மனம் வரவில்லை என்று நான் கொள்கின்றேன். மாமியார் நாத்தனார் பாத்திரங்கள் ஒரே வார்ப்பாக அமைந்துவிட்டன. இருப்பினும் கதைக்கட்டுக்கோப்பில் 'கமலா' முந்தியதை விடச் சிறந்தது.

இந்தியப் பெண்களுள் ஆங்கிலத்தில் முதற்புதினம் எழுதியவர் கிருபாபாய் என்று கூறுவோர் உளர். வங்காளத்துக் கவிஞர் தோரு தத்தின் 'பியாங்கா' என்னும் முற்றுப்பெறாத புதினம், அவர் மறைவுக்குப் பின் 1878இலேயே வெளியாயிற்று, அவரும் கிறிஸ்தவரே. ஆகவே 'முதல்' என்னும் பட்டத்துக்காக வாதாடவேண்டிய தேவையில்லை. தமிழ் வாசகருக்கு வேறோர் ஒப்பீடு பயன்தரும். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை தமிழின் முதற்புதினமான 'பிரதாப முதலியார் சரித்திரம்' நூலை 1879இல் வெளியிட்டார். கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற அ. மாதவையா தம் 'பத்மாவதி சரித்திர'த்தை 1898இல் வெளியிட்டார். பாளையங்கோட்டைத் திருச்சபையின் தொடக்கத்தோடு இணைந்த கிளாரிந்தாவைப் பற்றி 1915இல் ஆங்கிலத்தில் ஒரு புதினமும் எழுதினார். அவ்விருவருக்கும் இடையே காலத்தால் நிற்பவர் கிருபாபாய். மூவரும் பெண்கல்வியைத் தம் பொருளாகக் கொண்டனர். அதைத் தன் உடலில் அனுபவித்து எழுதியவர் ஒருவரே.

1894 ஆகஸ்ட் 3ஆம் நாள் கிருபாபாய் காலமானார், வயது 32. மாமனார் சத்தியநாதன் ஐயர் 1892இலும், மாமியார் அன்னாள் அம்மாள் 1890இலும் மறைந்திருந்தனர். நான்கு ஆண்டுகளுக்குள் அக்குடும்பத்தில் மூன்று மரணங்கள். சென்னை மாகாணக் கல்வித் துறையின் தலைவராயிருந்த கிரிக் என்பவரின் துணைவியார், கிருபாபாயின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி 'கமலா'வின் முன்னே சேர்த்தார். 1895இல் 'சகுணா' நூலாயிற்று. 1896இல் அவருடைய பல்வேறு கட்டுரைகள் தொகுக்கப்பட்டன. அதே ஆண்டில் இரு புதினங்களும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. சாமுவேல் சத்தியநாதன் மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கி, 1906இல் ஜப்பானில் காலமானார். அவர் இரண்டாவதாக மணந்த கமலா சத்தியநாதன் அம்மையார் 1901இல் சென்னையில் 'இந்தியப் பெண்மணிகளின் பத்திரிகை' என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கி நடத்தினார். சீயோன் ஆலயத்துப் போதகப் பணியை சத்தியநாதன் ஐயரின் மருமகன் டபிள்யூ. டி. கிளார்க் ஐயர் தொடர்ந்தார். அவ்வழியில் வந்தவரே 1974 முதல் 1989 வரை சென்னைப் பேராயராயிருந்த சுந்தர் கிளார்க். நம் திருச்சபையின் நடுக்கூடத்திலேயே இருந்த ஒரு குடும்பம் இது. ஆயினும் கிருபாபாயின் இரு புதினங்களையும் 1998இல் பதிப்பித்து மீண்டும் வெளிக்கொணர்ந்தவர் சந்தானி லோகுகே என்னும் இலக்கிய ஆய்வாளர். வெளியிட்டது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம். இக்குடும்பத்தாரின் எழுத்துகளைத் தொகுத்து 2005இல் சாகித்திய அக்காதெமி வழியாக வெளியிட்டவர் யூனிஸ் டி சூசா என்னும் கவிஞர். நாம் செய்யவேண்டிய வேலையை அவர்கள் செய்தார்கள்.

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவருக்குத் திருச்சபை வரலாற்று வகுப்பில் ராதாவின் பகுதியைத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவள். “ஐயா, அந்த அம்மாவுக்கு எழுத மகள் இருந்தாங்க. எங்க பாட்டி எப்படிச் சபைக்கு வந்தாங்கன்னு நான் கேட்டதே இல்லை. ஆய்வுக்கட்டுரைக்குப் பதிலா அதை எழுதலாமா?” என்று கேட்டாள். அடிக்குறிப்புகள் எங்கிருந்து வரும் என்று நான் வழக்கம்போல் வினவினேன். “பாட்டிகிட்டதான் இருந்து வரும்” என்றாள். கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்குப் பின் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாட்டியின் பேச்சை அப்படியே எழுதியிருக்கின்றாள். இதுவரை பதினாறு பக்கம் படித்திருக்கிறேன்.